விருந்தாளியின் களைப்பு

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்று என் தாயின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். தாய் போதாது என்பவர்களுக்காக என் இரண்டு கண்களையும் சேர்த்துக்கொள்கிறேன். வலது கண் போன வருடம்தான் புரை எடுத்தது, ஆகவே அதன் மேல் செய்யும் ஆணைக்கு மதிப்பு அதிகம். இந்தக் கதையை இதற்கு முன் ஒரு நீதிபதியிடமும், ஒரு பாதிரியாரிடமும், என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். மூவரும் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீதிபதிக்குக் காது கேட்காது என்பது வேறு விஷயம்.

மாற்றூர் என்ற கோளைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள். நாங்கள் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். எங்களுக்கு மூன்று தலைமுறை முன்னால் கிளம்பி, வழியில் தொலைந்துபோனதாகக் கோப்பு மூடப்பட்ட ஒரு கப்பலின் வாரிசுகள் அவர்கள். ஈரோட்டுப் பக்கத்து ஜனம். நெடியாறு என்று நாங்கள் பெயரிட்ட பெரிய ஆற்றின் மேல்கரைகளில் சோளம் விதைத்து, எருமை மாதிரியான ஏதோ ஒன்றைக் கறந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் கண்டுபிடிக்காமலேயே வந்து குடியேறிவிட்டவர்கள். கண்டுபிடித்ததற்கான பத்திரம் எங்களை அனுப்பிய கம்பெனியிடம் இருந்தது. பத்திரமில்லாமல் ஒரு மண்ணில் மூன்று தலைமுறை இருந்தால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. கம்பெனி பெருந்தன்மையோடு அதை மன்னித்து, அவர்களுக்கு மேலாற்றார் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்துவிட்டால் நிர்வாகம் சுலபம்.

ஆற்று முகத்துவாரத்தில் நாங்கள் புதுத்துறை நகரைக் கட்டினோம். துறைமுகம், மேம்பாலங்கள், ஆலைகள், மூன்று மாடிச் சந்தை எல்லாம் ஒரு மனிதனின் இளமைக்குள் எழுந்து நின்றன. எப்படி முடிந்தது என்று பூமியிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இறக்கியைக் காட்டுவோம்.

இறக்கி என்பது ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கும் ஒரு கருவி. மாலையில் அதன் தோல் பட்டைக்குள் கையை நுழைத்தால் உடம்பில் அன்றைக்குச் சேர்ந்த களைப்பு முழுவதும் வடிந்து, கீழே பொருத்திய குடுவைக்குள் இறங்கிவிடும். கையை எடுத்ததும் மறுபடி வேலைக்குப் போகலாம். எல்லோரும் போனோம். தூக்கம் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் விருப்பமுள்ளவர்கள் செய்யும் பொழுதுபோக்காகச் சுருங்கியது. தெருவில் எதிர்ப்பட்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், இறக்கியாச்சா என்று கேட்க ஆரம்பித்தோம். எங்கள் ஊர்த் தாய்மார்களில் தாலாட்டுத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

நிரம்பிய குடுவைகள் படகில் ஏறி ஆற்றின் மேலே போகும். காலியாகத் திரும்பி வரும். மேலாற்றுக் காற்றில் களைப்பு கரைந்துவிடுகிறது என்று கம்பெனி சொன்னது. கரையாமல் என்ன செய்யும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். எனக்கு அப்போது குடுவைக் கண்காணி வேலை. மூடி இறுக்கமாக இருக்கிறதா, மேலே சொந்தக்காரரின் பெயர் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது. பெயரில்லாத குடுவையை மேலாற்றார் வாங்க மாட்டார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கூலியே கேட்காத ஜனம் பெயரைக் கேட்டால் எழுதிக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

இப்படி இருக்கும்போது, ஒரு கோடையில் குடுவைகள் நிரம்பியபடியே திரும்பி வர ஆரம்பித்தன. புதுத்துறையில் கிடங்குகள் அடைத்துக்கொண்டன. மாலையில் இறக்க முடியாமல் ஜனங்கள் தங்கள் களைப்போடு தாங்களே வீட்டில் இருக்க நேர்ந்தது. துறைமுக அதிகாரி ஒரு நாள் பட்டப்பகலில் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. அதைப் பார்த்த குமாஸ்தாக்கள் அலறி ஓடி, வைத்தியரைக் கூட்டிவந்தார்கள்.

உடனே கம்பெனி ஒரு படகை மேலே அனுப்பத் தீர்மானித்தது. படகின் பெயர் பரோபகாரம். ஓட்டுகிற சாரங்கு மரியசூசை, தூத்துக்குடிக்காரர், ஆற்றைத் தவிர எல்லாவற்றையும் திட்டுகிறவர். நிலைமையை ஆராய டாக்டர் அங்கயற்கண்ணி. குடுவைகளுக்கு நான். சிதம்பரதாணு என்பது என் பெயர். படகின் அடித்தட்டு நிறையத் தலையணைகள். புதுத்துறை மாதர் சங்கம் மேலாற்றார்மீது இரக்கப்பட்டு வருடாவருடம் தைத்து அனுப்புவது. ஒவ்வொன்றிலும் பூவேலை உண்டு.

டாக்டரம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இறக்கியைத் தொடுவதில்லை. புதுத்துறையில் கண்ணுக்குக் கீழே கருவளையம் உள்ள ஒரே ஆள் அவர்தான். அது தொற்றுமோ என்று பயந்து அவரிடம் நோயாளிகள் அதிகம் போவதில்லை. படகில் ஏறிய முதல் நாளே ஒரு மூலையில் துண்டை விரித்துப் படுத்துக் குறட்டை விட்டார். மரியசூசை சுக்கானைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்ததும் மெதுவாகச் சொன்னார்.

“டாக்டரம்மா, கோவிச்சுக்கிடாதிய. படகுலயும் ஒரு எறக்கி இருக்கு. ஒரு எறக்கு எறக்கிட்டு வாங்க. ஒங்க மொகத்தப் பாத்தா எனக்கே கண்ணு சொருவுது.”

“நல்லதுதானே. சொருகட்டும்” என்றார் டாக்டரம்மா.

ஆறு மேலே போகப் போக வேகமில்லாமல் ஆனது. பழுப்புத் தண்ணீர், நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. கம்பெனியின் கடைசிக் கிடங்கைத் தாண்டிய பிறகு கரைகளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சோளம் முற்றி, அறுக்க ஆளில்லாமல், கதிரிலேயே முளைத்திருந்தது. கறக்காத மடியோடு எருமைகள் கத்திக்கொண்டு கரையோரமாக எங்கள் கூடவே நடந்து வந்தன. ஒவ்வொரு துறையிலும் வரிசையாகக் கம்பங்கள் நட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் ஆள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. படகுக்குக் கையாட்டவில்லை. முதலில் மரியாதை தெரியாத ஜனம் என்று நினைத்தேன். பிறகு ஒருவர் கையைத் தூக்க முயல்வதைப் பார்த்தேன். மடியிலிருந்து முழங்கால் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் வளைவு திரும்பும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

இதைச் சொல்லும்போதே எனக்கு உடம்பு ஓய்ந்து வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரம்மா தூரக்கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. ஏன் ஒருத்தர்கூடப் படுக்கவில்லை என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார். களைப்பு காற்றில் கரைந்துவிடும் என்றுதானே சொன்னார்கள், இவர்களுக்கு என்ன வந்தது என்று நான் கேட்டேன்.

“காத்து எங்கயாவது களைச்சு உக்காந்து பாத்திருக்கீங்களா சிதம்பரதாணு?”

இல்லையென்றேன்.

“களைப்பு அழியாது. இடம் மாறும், அவ்வளவுதான். ஓர் உடம்புலேர்ந்து எடுத்தா இன்னோர் உடம்புலதான் வைக்கணும். அந்த உடம்பு படுத்துத் தூங்கினாத்தான் அது தீரும். இவங்க தூங்கித் தீர்த்துடறாங்கன்னுதான் நான் இத்தனை நாளா நெனைச்சிட்டிருந்தேன்.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“டாக்டர்களுக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடியை எடுத்துக்கொண்டார்.

குடுவைகள் போய்ச் சேரும் கடைசி ஊர் பட்டிமேடு. படகு கரையை முட்டியதும் ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். முப்பது வயதிருக்கும், ஆனால் நடை கிழவியுடையது. பெயர் மாராத்தாள் என்று பிறகு தெரிந்தது. வாங்க என்றுகூடச் சொல்லாமல் என் தோளிலிருந்த பையைப் பறித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மாவின் மருந்துப் பெட்டியையும் இன்னொரு கையில் வாங்கினாள். நான் பையில் பலகாரம் வைத்திருந்தேன். சந்தேகத்தோடு அவள் பின்னாலேயே நடந்தேன். வீட்டுக்குள் பாய் போட்டு எங்களை உட்காரவைத்தாள். மோர் கொடுத்தாள். அவ்வளவு நேரமும் பை தோளைவிட்டு இறங்கவில்லை.

பிறகு கேட்டாள். “எப்பங்க கெளம்பறீங்க?”

கொடுத்த மோர் இன்னும் உள்ளே இறங்கவில்லை, அதற்குள் இப்படி ஒரு கேள்வி. மரியசூசை தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரம்மாதான் அவளிடம் நிதானமாகப் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கினார். மேலாற்றார் வழக்கம் இது. விருந்தாளி கரையில் கால் வைத்ததும் அவர் சுமையை வாங்கிவிட வேண்டும். அவர் கிளம்பும் வரை வீட்டுக்காரர்கள் அதைத் தரையில் வைக்கக் கூடாது. கிளம்பும்போது குறையாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்பது அங்கே அவமரியாதை இல்லை. எவ்வளவு நேரம் சுமக்க வேண்டும் என்று உடம்பைத் தயார் செய்துகொள்வதற்காகக் கேட்பது.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. குடுவைகளை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார்.

மாட்டுக்கொட்டில் ஒன்றுக்கு அழைத்துப் போனாள். மாடுகள் இல்லை. கம்பத்துக்கு ஒருவராக ஆண்களும் பெண்களும் சாய்ந்திருந்தார்கள். சரிந்து விழாமலிருக்க இடுப்பில் துணியால் கட்டியிருந்தது. அவர்கள் காலடியில், திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்ட சில காலிக் குடுவைகள், பெயர் தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தன. எனக்குத் தெரிந்த பெயர்கள். என் மேலதிகாரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், எனக்குச் சவரம் செய்கிறவர். சுவரோரமாக மாதர் சங்கத்தின் தலையணைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. பூவேலை கசங்காமல், ஒன்றுகூடத் தலை படாமல். அவையும் விருந்தாளிகளின் சாமான் என்று துணி போர்த்திக் காத்துவைத்திருந்தார்கள்.

கடைசிக் கம்பத்தில் இருந்தவன் மாராத்தாளின் புருஷன் நாச்சிமுத்து. டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு எழுந்து, தரையிடம் சொல்வதுபோல் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கட்டை அவுத்து இப்பவே படுக்க வைம்மா. தூங்கட்டும். தூங்கினா எல்லாம் போயிடும். இல்லேன்னா இந்த வாரம் தாண்ட மாட்டார்.”

“போயிருச்சுன்னா, அவரு வந்து கேக்கறப்ப என்னத்தீங்க குடுக்கறது?” என்றாள் மாராத்தாள்.

“எவரு வந்து?”

“இது யாருதோ அவரு. விருந்தாளி சாமானை நாம செலவு பண்ணலாமுங்களா?”

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஊருக்கு ஊர் இந்த ஜனம் எங்கள் களைப்பைத் தங்கள் உடம்பில் வாங்கி, ஒரு துளி தூங்காமல், சிந்தாமல் வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் என்றைக்காவது ஒரு நாள் கிளம்புவோம் என்று. புதிய குடுவைகளை ஏன் திருப்பினார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மாராத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆளில்லீங்க. வந்த சொமைய வாங்காம விட்டது ஊருக்கே தலகுனிவுதானுங்க. கொழந்தைக பேர்ல வாங்கலாமான்னு கூட்டத்துல பேசிட்டு இருக்கறமுங்க.”

டாக்டரம்மா வெளியே போய்விட்டார். மரியசூசையும் போனார். நான் மட்டும் நின்றேன், ஏனென்றால் நாச்சிமுத்துவின் காலடியில் இருந்த குடுவைகளில் எழுதியிருந்த பெயர் சிதம்பரதாணு.

என் கையெழுத்துதான். நல்ல கையெழுத்து என்று கம்பெனியில் பெயர் வாங்கியது.

நான் நின்ற நிலையைப் பார்த்து மாராத்தாளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. புருஷனின் காதருகே குனிந்து, அவர் வந்திருக்கிறார், கிளம்பப் போகிறார் என்று சொன்னாள். என்னிடம் திரும்பி, ஒரு சொட்டுக் குறையாது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

நாச்சிமுத்து கண்ணை என் பக்கம் கொண்டுவருவதற்கே நேரமானது. வாய் திறக்க இன்னும் நேரமானது.

“எல்லாந் தாங்கிட்டனுங்க. அந்த ஒண்ணுதானுங்க கனம் சாஸ்தி. யாருங்க போனது? அப்பாருங்களா?”

நான் மாற்றூருக்கு வந்த மறுவருடம் பூமியில் என் தகப்பனார் இறந்துபோனார். செய்தி வேலைநேரத்தில் வந்தது. அன்று மாலை இறக்கியில் வழக்கத்தைவிடச் சற்று நேரம் கையை வைத்திருந்தேன், பிறகு அடுத்த வேலைக்குப் போனேன். அழுததாக நினைவில்லை. அழுகிற அளவுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை. அது இங்கே, எனக்கு முன்பின் தெரியாத ஒருவன் நெஞ்சில், இத்தனை காலமும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆமாம், அப்பாதான் என்றேன்.

“நல்லவருங்களாட்ட இருக்குது” என்றான் நாச்சிமுத்து. கண் மறுபடி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

டாக்டரம்மா படகிலிருந்த இறக்கியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அதன் பட்டையைத் திருப்பிப் போட்டால் இறக்கியது ஏறும். அதைக் கம்பெனி எந்த வீட்டிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு முனையை நாச்சிமுத்துவின் கையில் கட்டினார். மறுமுனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மாராத்தாளும் பார்த்தாள். வாசலில் நின்ற மரியசூசை மட்டும், ஏல, இத்தன வருசத்தையும் ஒரே மூச்சுல வாங்குனா நீ எழும்ப மாட்டல, யோசிச்சுக்க என்றார்.

“அப்ப கெளம்பறீங்களாங்க?” என்றாள் மாராத்தாள்.

நான் உடனே கையை நீட்டினேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கினேன் என்றும், படகுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னேன் என்றும் பிற்காலத்தில் மரியசூசை கள்ளுக்கடைகளில் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. அவர் பார்வை அவ்வளவு தெளிவானதல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பட்டையைக் கட்டியதும் என் வாழ்நாள் களைப்பெல்லாம் என்மேல் ஏறியது. எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ஈரமான ஒரு மலை மேலே வந்து உட்கார்ந்தது போல. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார். சுவர் எழுப்பிய நாட்களின் தோள்வலி, யார் யாரிடமோ போட்ட சண்டைகளின் கசப்பு, கடைசியாக அப்பா. கண்ணீர் தானாக ஓடியது. அத்துடன் நினைவு தப்பிவிட்டது.

நாச்சிமுத்து கட்டை அவிழ்த்துக்கொண்டு அதிசயமாகத் தன் கைகளைப் பார்த்தான். எழுந்து நடந்தான். முதல் வேலையாக வெளியே கத்திக்கொண்டிருந்த எருமையைக் கறந்தான். மாராத்தாள் வாசற்படியில் உட்கார்ந்து, அவன் கறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதாள். டாக்டரம்மா எங்களோடு திரும்பவில்லை. மேலாற்றுக் காற்று அவருக்கு ஒத்துக்கொண்டது. படகு கிளம்பியபோது அவர் கரைக்கும் வரவில்லை. மாராத்தாள் வீட்டுப் பாயில் பூவேலைத் தலையணையில் தலைவைத்துப் படுத்திருந்தார். மணிக்கட்டில் பட்டையின் தடம் சிவந்திருந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. நீண்ட பிரயாணம் பாருங்கள்.

திரும்பும் வழியில் மரியசூசை எனக்கு முதுகைக் காட்டியே சுக்கானைப் பிடித்தார். ஆற்றைத் திட்டினார். அதற்கு முன் அவர் ஆற்றைத் திட்டி நான் கேட்டதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கு வியப்பாக இருக்காது. நல்லவன் ஒருவன் வழிகாட்டினால் ஊரே பின்னால் வரும். புதுத்துறை ஜனம் என் கதையைக் கேட்டு மனம் நொந்தது. படகு படகாகப் போய், அவரவர் சுமையை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஊரே தூங்கியது. துறைமுகத்தில் புல் முளைத்தது. விழித்திருந்து நடத்த ஆளில்லாமல் கம்பெனி மூடிக்கொண்டது. மேலாற்றில் கம்பங்களைப் பிடுங்கிப் பந்தல் போட்டார்கள். சோளம் மறுபடி விளைந்தது. குழந்தைகள் பேரில் யாரும் எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. நாங்களும் கண்டுபிடிப்புப் பத்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, விருந்துக்கு வந்தவர்கள் கிளம்புகிற மாதிரி, முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.

எனக்கு இந்த ஆவணியோடு தொண்ணூற்றிரண்டு முடிகிறது. புதுத்துறையில் கால் வைத்த நாளிலிருந்து இன்று மாலைவரை நான் ஒரு கொட்டாவிகூட விட்டதில்லை.